காவல் காமிராக்களும் மின்சாரக் கணக்கும்

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதுவது)

கொங்கு நாட்டுக் குடியானவர்களில் அநேகர் ஊருக்குள் வசியாமல், தத்தம் தோட்டத்திலேயே சாளை அமைத்து வசிப்பது நெடுங்கால வழக்கம். கிணறும், கட்டுத்தரையும், தென்னையும், வீடும் ஒரே இடத்தில் இருப்பதால் விவசாயத்திற்கு இது மிகவும் அனுகூலமானது. ஆனால் அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இராதென்பது இதிலுள்ள குறை. பிள்ளைகள் கல்வியையும் உத்தியோகத்தையும் நாடி வெளியூர் சென்றுவிட்டமையால், முதியவர்களே தனித்திருக்கும் சாளைகள் இப்போது பல. 2024-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் பல்லடத்தை அடுத்தும், 2025-ம் வருஷக் கோடையில் ஈரோடு ஜில்லா சிவகிரியை அடுத்தும், தோட்டத்து வீடுகளில் இருந்தவர்கள் இரவில் கொலையுண்ட செய்திகள் இப்பகுதியெங்கும் பெருங்கவலையை உண்டாக்கின. அதன் பின்னர்க் காவல் காமிரா வைத்துக்கொள்ளாத தோட்டம் அரிதென்று சொல்லும்படி ஆகிவருகிறது.

இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், காமிரா வாங்குவோர் அதன் விலையையும், படத்தின் தெளிவையும், எண்ணிக்கையையும் பற்றி விசாரிக்குமளவுக்கு, அது தின்னும் மின்சாரத்தைப் பற்றி விசாரிப்பதில்லை. மின்சாரம் இல்லாத காமிரா சுவரில் அடித்த மரக்கட்டைக்குச் சமானம். எனது சர்க்கிளில் நேர்ந்த ஒரு சம்பவத்தைக் கூறி, அதினின்று நான் கற்ற கணக்கை வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு தோட்டத்தில் நேர்ந்தது

எனக்குப் பல வருஷங்களாகப் பழக்கமான ஒரு முதிய குடியானவர், வெளிநாட்டிலிருக்கும் தம் குமாரன் அனுப்பிய பணத்தில் நான்கு காமிராக்களை வைத்தார். வாசலில் ஒன்று, களத்தில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, வீட்டினின்று 80 மீட்டர் தூரத்திலுள்ள கட்டுத்தரையில் ஒன்று. ஒரு நாள் முற்பகல் நான் சோளப்பயிரைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, இவ்வேற்பாடு சரியாயிருக்கிறதா என்று என்னையும் பார்க்கச் சொன்னார். நான்கு படங்களும் கண்ணாடிபோல் தெரிந்தன. இன்வர்ட்டரும் பாட்டரியும் இருக்கக் கண்டேன். திருப்தியென்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காற்றும் மழையுமாக இரவு 8 மணிக்கு மின்சாரம் நின்றது; மறுநாட்காலையில்தான் திரும்பியது. விடிந்து பார்க்கையில் கட்டுத்தரையில் நிறைசினையாயிருந்த கறவைப் பசுவைக் காணோம். பதிவுப் பெட்டியைத் திறந்து பார்த்ததில், இரவு 10 மணி 50 நிமிஷத்தோடு எல்லாப் படங்களும் நின்றிருந்தன. அதுவுமன்றிக் கட்டுத்தரைக் காமிராவின் படமோ அன்றுமாத்திரமல்ல, அதற்கு முந்திய ஒவ்வொரு நாளும் பொழுது சாய்ந்தவுடன் விட்டுவிட்டு வந்து, பிறகு மறைந்து, விடிந்த பின்னரே திரும்பியிருந்தது. குமாரன் அயல்நாட்டிலிருந்து தன் கைப்பேசியில் பார்த்ததெல்லாம் இங்கே பகலாயிருக்கும் வேளையில்.

"பகலெல்லாம் நல்லாத்தானுங்களே தெரிஞ்சுது" என்று அப்பெரியவர் என்னிடம் சொன்னார். அவ்வார்த்தை எனக்கும் பொருந்தியதே. கோடையில் வற்றும் கிணற்றைக் கார்த்திகையில் அளந்து, நீர் போதுமென்று சொல்வதற்கு ஒப்பான பிழையை நான் செய்திருந்தேன். கிணற்றைச் சித்திரையில் அளக்கவேண்டும். காமிராவின் மின்சாரத்தை இரவில் அளக்கவேண்டும். அத்தோட்டத்தில் கணக்குத் தவறிய இடங்கள் இரண்டு: ஒன்று கம்பியில், மற்றொன்று பாட்டரியில். இரண்டையும் தனித்தனியே விவரிக்கிறேன்.

இரவுச் சுமையே சுமை

முதலில் ஒவ்வொரு சாமானும் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறதென்று தெரிந்துகொள்ளவேண்டும். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டியுள்ள சீட்டில் வோல்ட்டும், ஆம்பியரும் அல்லது வாட்டும் குறிக்கப்பட்டிருக்கும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். சாதாரணக் காமிரா பகலில் சுமார் 2 வாட் எடுக்கும். இருட்டியவுடன், கண்ணுக்குப் புலப்படாத ஒளியை வீசும் அகச்சிவப்பு விளக்குகள் அதனுள்ளே தாமாக எரியத் தொடங்கும். அப்போது அதே காமிரா 5 வாட் எடுக்கும். ஆகையால் பகல் அளவை மறந்து, இரவு அளவையே கணக்கில் எழுதவேண்டும். மேற்படி தோட்டத்தின் கணக்கு வருமாறு:

காமிராக்கள் 4, ஒன்றுக்கு 5 வாட் வீதம்: 20 வாட்
பதிவுப் பெட்டி, உள்ளிருக்கும் ஹார்டு டிஸ்க் சகிதம்: 15 வாட்
இண்டர்நெட் பெட்டி: 10 வாட்
ஆகக் கூடுதல்: 45 வாட்
அடாப்டர்களில் உஷ்ணமாக வீணாவதற்கும் கைக்காவலுக்கும் கால்பங்கு: 11 வாட்
மொத்தம்: 56, முழு எண்ணாக 60 வாட்

இது ஒரு மின்விசிறியைவிடக் குறைந்த சுமை என்று எண்ணி அலட்சியம் செய்யலாகாது. மின்விசிறியை நிறுத்தி வைக்கலாம், காவலை நிறுத்தலாகாது. 60 வாட் வீதம் 24 மணி நேரத்திற்கு 1,440 வாட்-மணி, அதாவது தினம் ஏறக்குறைய ஒன்றரை யூனிட் செலவாகும். படம் பார்க்கும் டெலிவிஷன் பெட்டியை இதில் சேர்க்கவில்லை; அது எரியாதபோதும் பதிவு நடந்துகொண்டேயிருக்குமாதலால், பார்க்கும் நேரம் தவிர அதை அணைத்து வைப்பதே முறை.

காமிராக்களுக்கு மின்சாரம் அளிக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை வாங்கும்போது, அதன் முழுத் திறனையும் உபயோகிக்கும்படி அமைக்கலாகாது. 12 வோல்ட், 5 ஆம்பியர் என்று குறித்த பெட்டியின் திறன் 60 வாட். அதில் ஐந்தில் நான்கு பங்காகிய 48 வாட்டுக்குமேல் சுமத்தாதிருந்தால், அது சூடேறாமல் நெடுநாள் உழைக்கும். நமது கிராமங்களில் லயனின் கடைசியில் உள்ள தோட்டங்களுக்கு மின் அழுத்தம் ஏறியும் இறங்கியும் வருமாதலால், 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குமென்று குறிக்கப்பட்டதைப் பார்த்து வாங்குக.

கம்பியில் வற்றும் மின்சாரம்

சொட்டுநீர்ப் பாசனம் செய்வோர் இவ்விஷயத்தை எளிதில் அறிவர். மெல்லிய குழாயில் நெடுந்தூரம் நீரைத் தள்ளினால் கடைசிச் செடிக்கு அழுத்தம் குறைந்து நீர் சொட்டாது. தள்ளும் நீர் அதிகமாக அதிகமாக, வழியில் இழக்கும் அழுத்தமும் அதிகமாகும். மின்சாரமும் அவ்வாறே. கம்பி மெல்லியதாகவும், தூரம் நீண்டதாகவும், ஓட்டம் பெருத்ததாகவும் இருந்தால் வோல்ட் குறையும். மின்சாரம் போகவும் திரும்பவும் வேண்டியிருப்பதால், தூரத்தை இரட்டித்துக் கணக்கிடவேண்டும் என்பதை அநேகர் மறந்துவிடுகின்றனர்.

மேற்படி தோட்டத்தில் கட்டுத்தரைக்கு 80 மீட்டர். ஆகவே கம்பியின் நீளம் 160 மீட்டர். போட்டிருந்தது 0.5 சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பி. இதற்கு 1,000 மீட்டருக்கு 39 ஓம் தடை உண்டு. 160 மீட்டருக்கு 6.24 ஓம். பகலில் காமிரா 0.15 ஆம்பியர் எடுக்கையில் வழியில் இழப்பது 0.94 வோல்ட். 12 வோல்ட்டில் 11 வோல்ட் போய்ச் சேருகிறது. படம் நன்றாகத் தெரிகிறது. இரவில் விளக்குகள் எரிய, 0.4 ஆம்பியர் எடுக்கையில் இழப்பது 2.5 வோல்ட். எஞ்சுவது 9.5 வோல்ட்டே. காமிராவின் சீட்டிலோ 12 வோல்ட்டுக்குப் பத்தில் ஒரு பங்கு ஏற்றத்தாழ்வே அனுமதிக்கப்பட்டிருந்தது, அதாவது 10.8 வோல்ட்டுக்குக் கீழே அது உழைக்கக் கடமைப்பட்டதல்ல. விளக்கு எரிந்தவுடன் அழுத்தம் குறைந்து காமிரா அணையும். அணைந்தவுடன் சுமை நீங்கி அழுத்தம் ஏறி மறுபடி உயிர்பெறும். விளக்கு எரிந்தவுடன் மறுபடி அணையும். பொழுது சாயும்போது படம் விட்டுவிட்டு வந்ததன் காரணம் இதுவே. இவ்வடையாளத்தை எவ்விடத்தில் கண்டாலும், காமிராவைக் குறைகூறுமுன் கம்பியைச் சோதிக்கவேண்டும்.

படம் கெடாமல் செல்லும் தூரம் வேறு, மின்சாரம் வற்றாமல் செல்லும் தூரம் வேறு. கடைக்காரர் 300 மீட்டர் வரை போகும் என்று சொல்வது பெரும்பாலும் படத்தைப் பற்றியதே. இக்குறைக்குப் பரிகாரங்கள் மூன்று உள:

முதலாவது, மின்சாரத்திற்கு மாத்திரம் தடித்த கம்பி போடுதல். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பிக்கு 1,000 மீட்டருக்கு 13.3 ஓம் தடையே உண்டு. மேற்படி தூரத்தில் இரவு நஷ்டம் 0.85 வோல்ட்டாகக் குறைந்து, 11.15 வோல்ட் போய்ச் சேரும்.

இரண்டாவது, கட்டுத்தரையிலேயே ஏற்கெனவே வீட்டு இணைப்பின் மின்சாரம் இருக்குமாயின், அங்கேயே தனி அடாப்டர் வைத்தல். ஆனால் அந்த லயன் இன்வர்ட்டரிலிருந்து வருவதாயிருக்கவேண்டும்; இல்லையேல் மின்சாரம் நின்றவுடன் அந்தக் காமிராவே முதலில் கண்ணை மூடும். பம்பு ஸெட்டுக்கென அளிக்கப்பட்ட விவசாய இணைப்பினின்று வீட்டு உபயோகத்திற்கு எடுப்பது விதிக்கு விரோதம், அதைச் செய்யலாகாது.

மூன்றாவது, புதிதாக வைப்பவர்கள், பி.ஓ.இ. எனப்படும் முறையை மேற்கொள்ளுதல். இதில் ஒரே நெட்வொர்க் கேபிளில் படமும் மின்சாரமும் செல்லும். அழுத்தம் 12 வோல்ட்டுக்குப் பதில் சுமார் 48 வோல்ட். அழுத்தம் நான்கு மடங்கானால், அதே வேலைக்கு ஓட்டம் கால்பங்கே போதும். ஆகவே வழியில் இழப்பதும் சொற்பம். 80 மீட்டர் தூரத்தில் 5 வாட் காமிராவுக்கு இழப்பு ஒரு வோல்ட்டுக்கும் குறைவே. 48-ல் ஒன்று போவதைக் காமிரா உணராது. 2003-ம் வருஷம் ஏற்பட்ட 802.3 ஏ.எஃப். என்னும் விதிப்படி, ஸ்விட்சின் ஒவ்வொரு துவாரமும் 15.4 வாட் வரை அளிக்கும், காமிராவுக்கு 12.95 வாட் உறுதியாகக் கிடைக்கும். திரும்பிப் பார்க்கும் பெரிய காமிராக்களுக்கு 2009-ம் வருஷத்து 802.3 ஏ.டி. விதிப்படி 30 வாட் அளிக்கும் ஸ்விட்ச் தேவைப்படலாம். ஸ்விட்ச் மொத்தத்தில் எத்தனை வாட் தரும் என்பதையும் தனியே பார்த்துக்கொள்ளவேண்டும்; எட்டுத் துவாரம் இருப்பதால் எட்டுக்கும் முழு வாட் கிடைக்குமென்று நம்புவது தவறு. இக்கேபிளை 100 மீட்டருக்கு மேல் ஒரே ஓட்டமாக இழுக்கலாகாது.

எம்முறையாயினும் அசல் செப்புக்கம்பியே வேண்டும். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி மலிவாக விற்கப்படுகிறது. அதன் தடை செம்பைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு. கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெண்மை தெரியும். எலியும் அணிலும் கடியாதபடி கம்பியைக் குழாயினுள் விட்டுப் புதைப்பதும், நடுவழியில் ஒட்டுப்போடாதிருப்பதும் நன்று.

பாட்டரிக்குக் கேட்கவேண்டிய கேள்வி

இன்வர்ட்டர் வாங்குவோர் எத்தனை வி.ஏ. என்றே கேட்கின்றனர். அது ஒரே சமயத்தில் எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கு விடை. நமக்கு வேண்டிய கேள்வியோ எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதே. அதற்கு விடை பாட்டரியின் ஆம்பியர்-மணியில் உள்ளது.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரியில் பெருக்கல் கணக்குப்படி 1,800 வாட்-மணி உண்டு. ஆனால் அதை அடிமண்டி வரை இறைப்பது பாட்டரியின் ஆயுளைக் கெடுக்கும். பாதியே உபயோகத்திற்கென்று கொள்ளவேண்டும். அது 900 வாட்-மணி. இன்வர்ட்டர் தானும் சிறிது மின்சாரம் உண்ணும். மாற்றுகையிலும் சிறிது நஷ்டமாகும். ஆகவே 60 வாட் சுமைக்குப் பாட்டரியிலிருந்து சுமார் 80 வாட் போகும். 900-ஐ 80-ஆல் வகுக்க, 11 மணி நேரம் கிடைக்கும். மாலை 6 மணிக்கு மின்சாரம் நின்றாலும் விடியற்காலை 5 மணி வரை காவல் நிற்கும். மூன்று வருஷம் உழைத்த பாட்டரியாயின் மேலும் கால்பங்கு தள்ளி, 8 மணி நேரம் என்றே கொள்க.

அப்படியாயின் மேற்படி தோட்டத்தில் ஏன் மூன்று மணிக்குள் நின்றது? அதே பாட்டரியில் 75 வாட் மின்விசிறிகள் இரண்டும், 9 வாட் பல்புகள் நான்கும் ஓடின. காமிராச் சுமையோடு கூட்டினால் 246 வாட். நஷ்டங்களோடு சுமார் 300 வாட். 900-ஐ 300-ஆல் வகுக்க, 3 மணி. எட்டு மணிக்கு நின்ற மின்சாரத்திற்குப் பதினொரு மணிக்குள் பாட்டரி தீர்ந்தது கணக்குப்படியே நடந்தது. பாட்டரியின்மேல் பழி சொல்வதற்கில்லை. புழுக்கத்தில் முதியவர்கள் விசிறி போட்டுக்கொண்டதும் குற்றமாகாது. இரண்டுக்கும் ஒரே பாட்டரியை வைத்ததுதான் பிழை.

ஆகையால் காவலுக்கென்று தனி பாட்டரி ஒதுக்கவேண்டும். வீட்டு விளக்கும் விசிறியும் அதைத் தொடக்கூடாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி வாங்க வசதியுள்ளவர்களுக்கு 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி போதும்; இதில் ஐந்தில் நான்கு பங்கு இறைக்கலாமாதலால் சுமார் 1,020 வாட்-மணி கிடைத்து, 12 மணி நேரத்திற்குக் குறையாமல் நிற்கும். ஆனால் அவ்வகைப் பாட்டரிக்கு ஏற்ற சார்ஜர் உள்ள இன்வர்ட்டராக இருக்கவேண்டும். ஈயப் பாட்டரி வைத்திருப்போர், குறித்த காலத்தில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் காற்றோட்டமான இடத்தில் வைத்துப் பராமரிக்கவேண்டும்.

இவ்வளவு செலவுக்கு இயலாதவர்கள் காமிராக்களைக் குறைப்பது, நேரத்தைக் குறைப்பதினும் மேல். விடியும்வரை விழித்திருக்கும் இரண்டு, நள்ளிரவில் உறங்கிவிடும் நான்கைவிடச் சிறந்தவை. வாசலும் கட்டுத்தரையும் முதலில். களமும் கிணற்றடியும் பிறகு.

சூரிய மின்சாரத்தைப்பற்றிச் சிலர் கேட்கிறார்கள். தினம் 1,440 வாட்-மணி வேண்டும். முழு வெயில் 5 மணி நேரமென்றும், நஷ்டம் நூற்றுக்கு 30 என்றும் கொண்டால், 410 வாட் தகடு தேவை. ஆனால் இக்கணக்கு வெயில் நாளுக்கு உரியது. ஐப்பசி கார்த்திகை மூட்டத்தில் அது போதாது. மின்சாரம் அதிகம் நிற்பதும் அம்மாதங்களிலேதான். ஆகவே சூரியத் தகட்டைத் துணையாகக் கொள்ளலாமேயன்றி, அதை மாத்திரம் நம்பலாகாது.

இடியும் அபாயமும்

தோட்டத்தில் நெடுந்தூரம் ஓடும் செப்புக்கம்பி, அருகில் இடி விழுந்தால் அதன் அதிர்வை வாங்கி, காமிராவோடு பதிவுப் பெட்டியையும் எரித்துவிடக்கூடும். நல்ல எர்த் குழி அமைத்து, கம்பியின் இரு முனைகளிலும் இடிகாப்புச் சாதனம் பொருத்துவது அவசியம். தூரம் மிகுந்த கட்டடத்திற்கு மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழைக் கேபிள் இழுத்தல் இன்னும் உத்தமம். ஆயின் அதில் மின்சாரம் செல்லாதாகையால், அங்கே தனி மின்சாரம் வைக்கவேண்டும். 230 வோல்ட் லயனில் 30 மில்லி ஆம்பியர் கசிவில் தானே அறுந்துகொள்ளும் ஆர்.சி.சி.பி. ஸ்விட்சு இல்லாமல் ஈரமான கட்டுத்தரைக்கு மின்சாரம் கொண்டுபோகலாகாது. களவுக்குப் பயந்து உயிருக்கு அபாயம் தேடிக்கொள்வது புத்திசாலித்தனமன்று.

பரீட்சை

நாங்கள் ஒரு புதிய ரகத்தைச் சிபாரிசு செய்யுமுன், நல்ல பருவத்திலும் கெட்ட பருவத்திலும் பயிரிட்டுப் பார்க்கிறோம். காமிராவுக்கும் அத்தகைய பரீட்சை வேண்டும். வேலையை முடித்த மெக்கானிக்குக்குப் பணம் முழுவதையும் கொடுக்குமுன், ஓர் இரவு இருட்டிய பிறகு, மெயின் ஸ்விட்சை வேண்டுமென்றே அணைத்துவிடுங்கள். வழக்கம்போல் விசிறியும் விளக்கும் ஓடட்டும். மறுநாட்காலையில் பதிவுப் பெட்டியில், எந்தக் காமிரா எத்தனை மணிவரை படம் எடுத்திருக்கிறதென்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கடைசிக் காமிராவின் முனையில் இரவில் வோல்ட் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பின்பு வருஷத்திற்கு ஒரு முறை, ஐப்பசி பிறக்குமுன், இப்பரீட்சையைத் திரும்பச் செய்யுங்கள். பாட்டரிக்கு வயதாகிக்கொண்டே போகிறதல்லவா?

மேற்படி பெரியவரின் தோட்டத்தில் இப்போது கட்டுத்தரைக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டு, காமிராக்களுக்குத் தனி பாட்டரியும் வைத்தாயிற்று. சென்ற பரீட்சையன்று நானும் அங்கே இரவு தங்கினேன். மாலை 7 மணிக்கு அணைத்த மெயினை மறுநாட்காலை 5 மணிக்குப் போட்டோம். நான்கு படங்களும் இடையறாமல் பதிவாகியிருந்தன. போன பசு திரும்பவில்லை. இக்கணக்கை முன்னரே, ஓர் இரவில் அரைமணி நேரம் உட்கார்ந்து போட்டிருந்தால், அன்றிரவு கட்டுத்தரையில் யார் வந்தாரென்பதாவது தெரிந்திருக்கும்.

காமிரா வைத்திருக்கும் குடியானவர்கள் இச்சஞ்சிகையைக் கையில் எடுத்துக்கொண்டு, இன்றைக்கே இருட்டிய பிறகு தங்கள் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.